இரண்டு சீட்டும் நான்கு எலுமிச்சம்பழமும்

எங்கள் வீட்டுச் சிவப்புக் கார் நான்கு வருடத்தில் ஓடிய தூரத்தில் பாதி எலுமிச்சம்பழத்தின் மேல் ஓடியதுதான் என்று என் மனைவி சொல்வாள். அது மிகை. கால்வாசி என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன்.

விஷயம் இதுதான். வண்டி வைத்திருப்பவர்கள் அமாவாசைக்கு அமாவாசை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், திருஷ்டி கழிய. ஓடுகிற வண்டிக்கு அதில் சிரமம் இல்லை, கிளம்பும்போது தானாக நசுங்கிவிடும். என்னுடையது ஓடாத வண்டி. ஓடாத வண்டிக்குத்தான் திருஷ்டி அதிகம் என்பது என் கட்சி. நின்ற இடத்திலேயே இருப்பதால் தெருவில் போகிறவர்கள் நிதானமாக நின்று கண் வைக்கலாம் இல்லையா? அதனால் நான்கு பழத்தையும் வைத்து, கேட்டைத் திறக்காமலேயே வண்டியை ஒரு முழம் முன்னால் எடுப்பேன். நசுங்குகிற சத்தம் கேட்டதும் ஒரு முழம் பின்னால் எடுத்து நிறுத்துவேன். இறங்கி, சாறு பட்ட டயரைத் துடைத்து, மேலே துணியைப் போர்த்திவிட்டு மொபெட்டில் வேலைக்குப் போவேன்.

நான் கவலைப்படுகிற ஆள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே கவலையால்தான். பத்தாவதில் கணக்கில் போய்விட்டால் என்ன செய்வது என்று முழுப்பரீட்சை லீவில் யோசிக்க ஆரம்பித்து, பரீட்சையே இல்லாத இடமாகப் பார்த்து, திருவெறும்பூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். அங்கே தினம் தினம் பரீட்சை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு அதே திருவெறும்பூரில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டேன். அங்குள்ள பெரிய தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சிறு சாமான்களைக் கடைந்து கொடுத்து வாழ்ந்து வருகிறேன்.

ஒரு வருடம் ஆர்டர் நன்றாக வந்தது. பழைய மிஷின் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கோயம்புத்தூருக்குப் போனேன். மிஷின்காரர் வீட்டு ஷெட்டில் இந்தக் கார் நின்றது. கூரை திறந்து மூடும், இரண்டே இரண்டு சீட், தக்காளிப்பழச் சிவப்பு. முன்பக்க மட்கார்டின் வளைவைக் கையால் தடவிப் பார்த்தேன். முப்பது வருடமாக இரும்பைக் கடைகிறவனுக்கு ஒரு வளைவைத் தடவினால் அதன் அருமை தெரியும். மிஷினை விட்டுவிட்டுக் காரை வாங்கிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். யோசனை எல்லாம் பின்னால் மொத்தமாக வந்து சேர்ந்தது.

வண்டியின் வயிறு தரையிலிருந்து அரை ஜாண் உயரம்தான். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு வெளியே, அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற தெருவில். அங்கிருந்து காவிரிப் பாலம் ஏறுவதற்குள் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று நான் எண்ணியதில்லை. எண்ணினால் கவலை கூடும். மொபெட்டில் போகும்போது அவை இருப்பதே தெரியாது. காரில் போனால் ஒவ்வொன்றும் ஒரு மலை. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் போல நானும் இரண்டு பலகைகளை வண்டியிலேயே வைத்திருந்தேன். தடை வந்தால் இறங்கிப் பலகையைப் போட்டு, ஏறி ஓட்டி, இறங்கிப் பலகையை எடுத்துக்கொண்டு, மறுபடி ஏற வேண்டும். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் அவரும் இறங்கிக்கொள்ள வேண்டும். பாரம் குறைந்தால் வண்டி ஒரு விரற்கடை உயரும். இறங்கியவர் சும்மா நிற்கவும் கூடாது. குனிந்து, அடியில் இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இறங்கிக் குனிகிற அந்த ஆள் என் மனைவி. வண்டி வந்த புதிதில் தில்லை நகரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் பட்டுப்புடவையில் கிளம்பினாள். மூன்றாவது தடையிலோ நான்காவதிலோ அவள் ரோட்டோரம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பலகையை நேராக்கிக்கொண்டிருக்க, பின்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தபடி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தேரா? வடம் எங்க?"

என் மனைவி நிமிர்ந்து, தாலிக்கொடியைத் தூக்கிக் காட்டினாள். "இந்தா, என் கழுத்துல கெடக்குது பாருங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் அந்தப் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். நான் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் சாப்பிட்டு, பீடாவும் போட்டு முடித்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவே இல்லை.

நானும் அதிகம் ஏறவில்லை. வெயிலில் பெயின்ட் வெளுக்கும், மழையில் கூரைத் துணி ஊறும், காற்றடித்தால் பக்கத்து வீட்டுத் தென்னை மரம். இவையெல்லாம் இல்லாத நாளாகப் பார்த்து எடுக்கலாம் என்றால் அன்றைக்கு ரோட்டில் மாடு. வீட்டின் முன்பக்கத்து அறையைத்தான் ஷெட்டாக்கி இருந்தேன். அந்த அறையின் கூரையில், மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, இலங்கைப் படம் மாதிரி ஒரு ஈரக்கறை உண்டு. அது எப்போதாவது சொட்டிவிட்டால்? அதனால் வண்டியைக் கறையிலிருந்து இரண்டடி தள்ளியே நிறுத்துவேன். கறை ஒருநாளும் சொட்டியதில்லை. சொட்டாமலே இருக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

ஆனால் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும், துணியை ஓரமாகத் தூக்கி அந்த மட்கார்டை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். எங்கள் ஒரே பெண் பிசியோதெரபி படித்து முடித்து, தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். பிறகு சொந்தமாகச் சிறியதாக ஒரு இடம் வைக்கிறேன் என்றாள். முழங்கால் வலியோடு கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் எவ்வளவு பேர், வாசலிலேயே தொழில் இருக்கிறது என்பது அவள் வாதம். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். எந்த அறை என்று கேட்டபோதுதான் முன்பக்கத்து அறை என்றாள். படி ஏற முடியாதவர்கள்தானே வருவார்கள், தரையோடு இருக்கிற அறை வீட்டில் அது ஒன்றுதான்.

ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் திறப்பதாக நாளும் பார்த்தாகிவிட்டது. நோயாளிகள் படுக்கிற கட்டில் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டதால் கூடத்தில் போட்டோம். சாப்பாட்டு மேஜை அடுப்படிக்குள் போயிற்று. கட்டிலோடு வந்த, கழுத்தை இழுக்கிற கருவியும் அங்கேயே நிற்க, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். என் பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் தட்டைக் கழுவியபடியே சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. ஆவணிக்குள்ள எடம் ஆகலைன்னா அங்க போயிடறேன். கோச்சுக்க மாட்டேன், நெஜமாத்தான் சொல்றேன்."

கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்கிறவளிடம் என்ன சொல்வது? அன்று ராத்திரி காரை நினைத்துக் கவலைப்படுவதா, பெண்ணை நினைத்துக் கவலைப்படுவதா என்றே புரியவில்லை. வேறு ஷெட் வாடகைக்குப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். கிடைத்த ஒன்றில் புறா, இன்னொன்றில் எலி. எலி ஒயரைக் கடிக்கும். விற்றுவிடலாம் என்று நானே வாய் திறந்து சொன்னேன். சொன்ன வாய் கொஞ்ச நேரம் மூடவில்லை.

என் பெண் போட்டோ எடுத்து விளம்பரம் போட்டாள். முதலில் வந்தது தில்லை நகர்ப் பையன் ஒருவன். வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டான். நான் நாற்பதுக்கு மேல் போனதில்லை, அதனால் தெரியாது என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் அவன் அம்மாவை நினைத்துப் பரிதாபப்பட்டேன். பிரேக் எப்படிப் பிடிக்கும், மழையில் எப்படிப் பிடிக்காது, மணலில் எப்படி வழுக்கும் என்று விவரமாகச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

லால்குடியிலிருந்து வந்த ஒரு பெரிய விவசாயி வண்டியைச் சுற்றி வந்து, மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்றார். பின்னால் உர மூட்டை ஒன்றாவது வைக்க முடியுமா என்றும் கேட்டார். முடியாது என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். மகன் வற்புறுத்தித்தான் வந்திருந்தாராம். காப்பி குடித்துவிட்டு, வீட்டு மாம்பழம் கொண்டுவரவில்லையே என்று வருத்தப்பட்டுப் போனார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர் ஒருவர்தான் உண்மையிலேயே வாங்க வந்தார். சொன்ன விலைக்குச் சரி என்றார். நான் பூ அலங்காரம் எதனால் ஒட்டுவீர்கள் என்று கேட்டேன். செல்லோ டேப் என்றார். டேப்பை உரித்தால் பெயின்ட் கூடவே வருமே. வண்டியில் ஒரு கோளாறு இருக்கிறது, இப்போதைக்கு விற்பதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

"என்ன கோளாறு?" என்றாள் மனைவி.

யோசித்துவிட்டு, இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டீங்கப்பா," என்றாள் பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் சென்னையில் விடுதி வாடகை எவ்வளவு என்று தோழியிடம் போனில் விசாரித்தது என் காதில் விழுந்தது.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆடியில் யார் வண்டி வாங்குவார்கள்? நகைக்கடைக்காரர்கூடத் தள்ளுபடி போட்டுக் கூப்பிட வேண்டிய மாதம். என் மேல் குற்றமில்லை, மாதத்தின் மேல் குற்றம். ஒரு மாதம் யாரும் வரமாட்டார்கள், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

ஆடி இரண்டாவது வாரத்தில் ஒரு அம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டிய வயது, வெளுத்த காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. மேலப்புதூரிலிருந்து வருவதாகவும், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதாகவும் சொன்னார். கணக்கு என்றதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அவர் உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை, அது என் வீடுதான் என்றாலும்.

ஆடி மாதமாயிற்றே டீச்சர் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எங்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒன்றுதான் என்றார். அடுத்ததாக, இந்த வயதில் இவ்வளவு தாழ்வான சீட் முதுகுக்கு ஆகாது, பின் சீட் கிடையாது, பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது என்று வரிசையாகச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு, மாணவி ஒப்பிப்பதைக் கேட்பது போலக் கடைசிவரை கேட்டார்.

"தம்பி, முப்பது வருஷம் ஸ்கூல் பஸ்ல முன்னாடி உக்காந்து பிள்ளைங்களை எண்ணிக்கிட்டே போனேன். ஏறும்போது எண்ணணும், இறங்கும்போது எண்ணணும். நடுவுல ஒண்ணு தூங்கிட்டா மறுபடி எண்ணணும். இதுல ரெண்டே சீட்டு. எண்ண வேண்டியதே இல்ல."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, டீச்சருக்குக் காப்பியை அவளாகவே கையில் கொடுத்தாள். அவள் அப்படிக் கொடுத்தால் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். சாவியைக் கொடுத்தேன், கையை எடுக்கச் சிறிது நேரம் ஆனது. பலகைகளைத் தேடி எடுத்துவந்தேன். இது எதற்கு என்றார். விளக்கினேன். அதை இங்கேயே வைத்துவிடுங்கள் என்று வண்டியில் ஏறிவிட்டார். நான் பக்கத்து சீட்டில் இறங்கினேன். ஏறினேன் என்று சொல்ல முடியாது, கிணற்றுக்குள் இறங்குவது போலத்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது, நான்கு வருடத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை.

முதல் வேகத்தடை வந்தது. அதைக் கோணலாகக் கடந்தால் இடிக்காது, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும் என்பது எனக்கும் தெரியாததல்ல. ஆனால் கோணலாகப் போக ரோடு முழுவதும் வேண்டும். எதிரில் வருகிறவர்களை நிறுத்த வேண்டும். அம்மா மண்டபம் ரோட்டில் யாரை நிறுத்துவது, யார் நிற்பார்கள், திட்டினால் என்ன செய்வது? டீச்சர் வலது கையை வெளியே நீட்டினார், அவ்வளவுதான். உள்ளங்கையை விரித்து, பிரேயரில் வரிசையை நிறுத்துகிற மாதிரி. எதிரில் வந்த ஆட்டோ நின்றது. அதன் பின்னால் வேன் நின்றது. ஒரு மாடும் நின்றது. வண்டி சாய்வாக ஏறி, சாய்வாக இறங்கியது. அடியில் சத்தமே இல்லை. பாலத்துக்கு முன்னால் வருகிற மாம்பழச்சாலை வரைக்கும் எல்லாத் தடைகளையும் அந்தக் கையாலேயே தாண்டினோம். ஆட்டோக்காரர் ஒருவர் சலாம்கூடப் போட்டார். நான் கண்ணை மூடி, கதவின் கைப்பிடியைப் பிடித்து, ரங்கநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

பாலம் ஏறியதும் காற்று மாறியது. கண்ணைத் திறந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை செம்மண் நிறத்தில் புரண்டு போய்க்கொண்டிருந்தது. தாழ்ந்த சீட்டிலிருந்து பார்க்கும்போது பாலத்துக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் ஆறு துண்டு துண்டாக ஓடி, வேகம் கூடக்கூட ஒரே தண்ணீராகச் சேர்ந்துகொண்டது. தூரத்தில் மலைக்கோட்டை. கூரை திறந்திருந்ததால் வானம் முழுக்க எங்களுடையது. எப்போதாவது எடுத்த நாட்களில் இந்த வண்டியில் இந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். ரோட்டுக் குழியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டியவளைக் குனிந்து டயரைப் பார்க்கச் சொல்லி இருக்கிறேன்.

"என்ன தம்பி, பேச்சையே காணோம்?"

"ஆத்துல தண்ணி வந்திருக்கு டீச்சர்."

"தெரியுதே. நான் கேட்டது அதில்ல, பயமா இருக்கா?"

இருந்தது. ஆனால் அன்றைக்கு அது இரண்டாவதாகத்தான் இருந்தது.

சத்திரம் பக்கம் வளைந்து திரும்பி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். டீச்சர் ஒரு காலை வெளியே வைத்து, ஒரு உந்தலில் எழுந்து நின்றுவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு கால் வெளியே, உடம்பு உள்ளே, திரும்பிய இடத்தில் இடுப்பில் 'கிளுக்' என்றது. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. மனைவி ஓடிவந்து ஒரு கையைப் பிடித்து இழுக்கப் போனாள். பெண் தடுத்தாள்.

"இழுக்காதம்மா. அப்பா, அப்படியே இருங்க. திரும்பாதீங்க. மூச்சு விடுங்க."

அப்படியே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, விலை பேசி முடித்தோம். உலகத்தில் வேறு யாரும் அந்தக் கோலத்தில் கார் விற்றிருக்க மாட்டார்கள். வண்டியின் குறையெல்லாம் சொல்லிவிட்டீர்கள், சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று கடைசியாக டீச்சர் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு டீச்சர். இந்த சீட்ல இருந்து பாத்தா ஆறு தெரியும். இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

நான் அதை டீச்சரிடம் சொன்னாலும் பார்த்தது என் மனைவியைத்தான். அவள் என் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

கூடத்தில் கிடந்த கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். இடம் தயாராவதற்கு முன்பே முதல் நோயாளி தயார். டீச்சர் வண்டியை எடுக்க வந்த அன்றைக்கும் நான் படுக்கையில்தான். ஆடியில் வாங்கத்தான் கூடாது, விற்கலாமா என்று நடுவில் எனக்கு ஒரு கவலை. பக்கத்து வீட்டில் பஞ்சாங்கம் வைத்திருப்பவரைக் கேட்கச் சொன்னேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். எலுமிச்சம்பழமாவது வைக்க வேண்டுமே, டீச்சர் வேண்டாம் என்றால்? அதையும் கேட்டுவிட்டேன்.

"வைங்க தம்பி. நாளைக்கு நான் சர்ச்சுலயும் மந்திரிச்சிக்கறேன். ரெண்டு பக்கமும் இன்சூரன்ஸ்."

குனிந்து பழம் வைக்க எனக்கு முடியாது. நான்கு வருடமாக அந்தப் பழங்களைக் கேலி செய்த என் மனைவியே போய் நான்கு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கண்ணாடி முன் நின்று பொட்டைச் சரி செய்துகொண்டாள். எங்கே என்றேன். டீச்சர் பாலம் வரைக்கும் வாங்கம்மா என்று கூப்பிட்டார்களாம், சத்திரத்தில் இறங்கிப் பஸ்ஸில் வந்துவிடுவாளாம்.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் இரண்டு முறை வந்தது. எஞ்சின் உறுமியது. நான்கு பழமும் நசுங்கின. வழக்கப்படி அடுத்து ஒரு முழம் பின்னால் வரும் சத்தத்துக்குக் காது காத்திருந்தது. வரவில்லை. வண்டி கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பி, அப்படியே போய்விட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். இடுப்பு அதற்கும் சம்மதிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மனைவி திரும்பினாள். தலைமுடி நாலாபக்கமும் பறந்து கிடந்தது. அதை அவள் சரி செய்யவே இல்லை.

"ஒரு எடத்துலகூட இறங்கலைங்க," என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஆறு தெரியுது," என்றாள்.

ஆவணியில் சொன்ன நாளில் திறந்தாயிற்று. சென்னைக்காரர்களிடம் வரவில்லை என்று என் பெண் சொல்லிவிட்டாள். முன்பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். காலையில் முழங்கால்காரர்கள் வருவதற்கு முன் எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறாள். குப்புறப் படு, மல்லாந்து படு, காலைத் தூக்கு, இறக்கு. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் கை பழக்கத்தில் அந்த மூலைக்குப் போகிறது. தடவிக்கொடுக்கக் கட்டிலின் கம்பிதான் இருக்கிறது. அதன் வளைவும் மோசமில்லை.

ஒரே ஒரு சங்கடம். கட்டிலை என் பெண் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டாள். மல்லாந்து படுத்தால் அந்த இலங்கைப் படம் நேராக என் நெற்றிக்கு மேலே இருக்கிறது. வெள்ளையடித்தும் போகவில்லை.

"இது சொட்டுச்சுன்னா?" என்றேன்.

"உங்களுக்கு பெயின்ட் போகாதுப்பா. காலைத் தூக்குங்க."